மச்சான் பிளேயரும் நான் அழுத்திய ஓகேயும்

கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் படிக்காமலே 'ஓகே' அழுத்துகிற ரகம் நான். இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்றோ, தாம்பரத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு. (தெரிந்தது டைப்பிங் மட்டும்.)

அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளேயர். அதில் இரண்டு வருஷமாக ரூம்மேட்டுகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த நானூறு பாட்டு.

"மாப்ளே, புதுப் பாட்டு ஒரு பத்து ஏத்திக் குடு. நாளைக்கு ஃப்ளைட். அங்க எனக்கு இதுதான் துணை."

"இதெல்லாம் ஒரு வேலையா மச்சான்?" என்றேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்த பிறகுதான் தலை சுற்றியது. முதல் சாஃப்ட்வேர் பாட்டை இறக்கியது. பிளேயர் அதைச் சீண்டவே இல்லை. இன்னொரு தளத்தில் பாட்டு இருந்தது, ஆனால் இந்தியாவுக்குக் கிடையாதாம். மூன்றாவது தளம் கிரெடிட் கார்டு கேட்டது. (என்னிடம் இருந்தது ரயில் சீசன் டிக்கெட்.) பாட்டு என்றால் பாட்டுதானே, அதில் எதற்கு இத்தனை வகை என்று எனக்குப் புரியவே இல்லை. கடைசியில் பிளேயர் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேரையே தேடிப் பிடித்து இறக்கினேன். பிளேயரைச் செருகியதும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி நீளத்துக்குக் கேள்வி வந்தது.

சென்டர் நடத்தும் சேகர் அண்ணா எட்டிப் பார்த்தார். "இன்னாபா, இம்மாம் நீட்டா கேட்டுகினு கீது? படிச்சிப் பாரு."

"எப்பவும் கேக்குறதுதாண்ணா." ஓகே அழுத்தினேன். நிஜமாகவா என்று மறுபடி கேட்டது. அதற்கும் ஓகே. பச்சைக் கோடு ஓடி முடிந்தது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து துபாயிலிருந்து போன்.

"மாப்ளே, யாரோ ஒரு டீச்சரம்மா 'குட் மார்னிங், ஹவ் ஆர் யூ'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. என் பாட்டெல்லாம் எங்க?"

சென்டருக்கு ஓடி, அந்த சாஃப்ட்வேரின் உதவிப் பக்கத்தை அப்போதுதான் படித்தேன். பிளேயரில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதை ஏற்றட்டுமா என்றுதான் அது கேட்டிருக்கிறது. அதில் பிளேயர் ஏற்கும்படி இருந்தது, யாரோ விட்டுப்போன முப்பது நாள் ஆங்கிலப் பாடம் மட்டும்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷத் துணையை இரண்டு ஓகேயில் அழித்திருந்தேன். மச்சான் திட்டவில்லை. கேட்க வேறு எதுவும் இல்லாததால் முப்பது பாடத்தையும் கேட்டு முடித்தார்.

சில வருஷம் கழித்து, மேடவாக்கம் மண்டபத்தில் என் நிக்காஹ். நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் என்னைப் பார்த்து, "சம்மதமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மச்சான் குரல், அந்த டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில்:

"மாப்ளே, ஃபர்ஸ்ட் ரீட். தென் ஓகே."

மண்டபமே சிரித்தது. பெண்கள் பக்கத் திரைக்கு அந்தப் புறமும் ஒரே சிரிப்பு. அக்கா அங்கே ஏற்கெனவே எல்லோருக்கும் கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.