மரத்துப்போன நாக்கு

கடையில் அடுத்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசுகிற சலூன்காரர், பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கொடுத்த நீல மருந்தை வாயில் வைத்திருந்து துப்பியதிலிருந்து நாக்கு சுறுசுறுவென்றிருந்தது. உதட்டைக் கிள்ளிப் பார்த்தார். வேறு யாருடைய உதட்டையோ கிள்ளியது போலிருந்தது. நன்றாக மரத்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் கூப்பிட்டாள்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, அவள் கல்யாணத்துக்குப் போகாமல் அன்று வீம்புக்குக் கடையைத் திறந்து வைத்திருந்தவர் இவர். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை. இன்று அவள் வெளிநாட்டுக்கே போய்விடுகிறாள். 'தப்பு என்னோடதுதான் பாப்பா' என்று சொல்லக் கடைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து, காலையிலிருந்து போன் போட்டும் அவள் எடுக்கவில்லை.

"கூப்பிட்டிருந்தியே, என்னண்ணா? விமானத்துல ஏறிட்டேன். சீக்கிரம் சொல்லு."

நாக்குக் குழறினால் குடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாளே.

"ம்" என்றார்.

"இத்தனை வருஷம் கழிச்சும் வெறும் 'ம்' தானா?"

பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த பெரியவர் கையில் போனைத் திணித்து, தன் வாயைச் சுட்டிக்காட்டினார். பல்செட் மாட்ட வந்த பெரியவர் உதவும் மனசுக்காரர். "அம்மா, உங்க அண்ணனுக்கு உணர்ச்சியே போயிடுச்சு" என்றார்.

அது தனக்கு எப்போதோ தெரியும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. எழுத்து கண்ணுக்குத் தெரியாததால், கண்ணீர் விடுகிற மஞ்சள் முகம் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்து அனுப்பினார். பெரியவர் எட்டிப் பார்த்து, அது விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் என்றார். சலூன்காரர் உடனே திரும்பக் கூப்பிட்டார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

பல்லை நாளைக்குக்கூடப் பிடுங்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே அழைத்தார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"ஊசி எதுக்குங்க? எனக்குத்தான் அப்பவே வாய் மரத்துப்போச்சே" என்றார் சலூன்காரர்.

நர்ஸ் சிரித்தாள்.

"இவ்வளவு தெளிவா பேசறீங்க, எங்கே மரத்துச்சு? நான் கொடுத்தது வாய் கொப்பளிக்கிற தண்ணி. மரத்துப்போற ஊசியே இனிமேதான்."