பலகை மேல் ஏறிய பாதுகாப்பு

மின்சாரத்தை உலகுக்குத் தந்த மேதைகள் பல பேர். அந்த மின்சாரத்துக்கே அலுவலக ஒழுக்கம் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான். அவர் அந்த அலுவலகத்தின் பாதுகாப்பு அதிகாரி.

கூடத்தின் மூலையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் இருந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும். டைப்பிஸ்ட் அலறியதைக் கேட்டு ஓடி வந்த அதிகாரி தானும் தொட்டுப் பார்த்தார். "ஆ!" என்று துள்ளினார். 'லேசான அதிர்வு உணரப்பட்டது' என்று நிதானமாகக் குறித்துக்கொண்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

"இந்தப் போர்டுக்கே எர்த் இல்ல சார். சுவத்தைக் கொஞ்சம் கொத்தி ஒயர் இழுத்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"எந்தச் சுவத்தை?"

"இதோ, இதைத்தான்."

அதிகாரி சுவருக்குக் குறுக்கே கைகளை விரித்து நின்றார். அந்தச் சுவரில்தான் அவர் இயற்றிய 'பாதுகாப்பே நம் உயிர்' என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் ஜொலித்தது. பெயின்டர் பக்கத்திலேயே காவல் நின்று எழுத வைத்தது.

"'உயிர்' நடுவுல ஓட்டை போடச் சொல்றியா?"

"ஓரமா போட்டுடலாம் சார்."

"ஓரத்துல என் பேர் இருக்கு."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அதிகாரி ஆழமாகச் சிந்தித்தார். தரையில் நிற்பவனுக்குத்தானே ஷாக் அடிக்கிறது? அப்படியானால் குற்றம் மெஷின் மேல் இல்லை, தரை மேல்! 'நிற்போர் உயர்வுத் திட்டம்' அப்படித்தான் பிறந்தது. ஆளுக்கொரு மரப்பலகை. அலுவலகத்தில் எங்கே நின்றாலும் அதன் மேல்தான் நிற்க வேண்டும். இறங்கினால் மெமோ.

மேனேஜருக்குத் தேக்குப் பலகை, மற்றவர்களுக்கு ஒட்டுப்பலகை. தேக்கு கிடைக்காத துணை மேனேஜர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. டீ குடிக்கப் போகிறவர்கள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: பலகை மேல் நின்றவர்களை மெஷின் ஒன்றும் செய்யவில்லை. அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் தரை துடைக்கும் அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். வெறுந்தரையில்தான் நின்றாள்.

"சார், எனக்கும் ஒரு பலகை குடுங்க சார். தெனம் ஈரத் துணியோட அந்த மெஷினைத் துடைக்கிறது நான்தான். தோள்பட்டை வரைக்கும் வெடுக்குனு இழுக்குது."

"நீ இங்க ஊழியர் இல்லையேம்மா. காண்ட்ராக்ட் ஆளு."

"கரண்டுக்கு அது தெரியலையே சார்."

"அதை நாங்களும் வன்மையாத்தான் கண்டிக்கிறோம்."

"சின்னப் பிள்ளைங்க இருக்கு சார். நான் போய்ட்டா பார்க்க ஆளில்ல. காலையில வரும்போதே பயமா இருக்கு."

அதிகாரியின் மனம் நிஜமாகவே இளகியது. உடனே அலுவலகப் பாதுகாப்புக் கமிட்டியைக் கூட்டினார். ஜாக்கிரதையாக இருந்துகொள்ள அவளுக்கு ஒருமனதாக 'அனுமதி' வழங்கப்பட்டது.

ஊழியர் யாருக்கும் விபத்து இல்லாத செய்தி தலைமை அலுவலகத்துக்கு எட்டியது. கேடயம் வழங்க இயக்குநரே கிளம்பி வந்தார். அன்று மேடையை அக்கா பளபளவென்று ஈரம் சொட்டத் துடைத்து வைத்திருந்தாள். இயக்குநருக்குப் பலகை இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. அதிகாரி தயங்கவே இல்லை. தன் பலகையை அவர் காலடியில் போட்டார். மேடை அழுக்காகுமே என்று செருப்பையும் கழற்றினார். வெறுங்காலோடு போய் மைக் கம்பியைப் பிடித்தார். மைக்குக்கு மின்சாரம் வந்ததும் அதே போர்டிலிருந்துதான்.

"பாதுகாப்பு என்பது..." என்று தொடங்கியவர் அதற்கு மேல் பேசவில்லை. உடம்பு உதறியது. பற்கள் தந்தியடித்தன.

"என்னா உருக்கம் பாருங்க!" என்றார் மேனேஜர். இயக்குநர் கைதட்டினார்.

"ஐயோ, சாருக்கு ஷாக் அடிக்குது!" என்று கத்தினாள் டைப்பிஸ்ட்.

கூடமே பதறியது. ஆனால் பலகையை விட்டு ஒருவரும் அசையவில்லை.

"யாராவது போங்கப்பா!"

"இறங்கினா மெமோ குடுப்பாரே!"

"அவரையே கேட்போம். சார், இறங்கலாமா சார்?"

அதிகாரியின் தலை மேலும் கீழும் ஆடியது. பிறகு பக்கவாட்டிலும் ஆடியது.

"ஆமாங்கிறாரா, வேணாங்கிறாரா?"

அந்தக் கூடத்தில் பலகை இல்லாத காரணத்தால் நடமாட முடிந்தவள் ஒருத்திதான். அக்கா பாய்ந்து வந்தாள். மாப்பின் மரக்கம்பால் சுவிட்சை ஓங்கி ஒரு தட்டு. அதிகாரி பொத்தென்று விழுந்தார், உயிரோடு.

கண் திறந்ததும் அவளைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீ மனுஷி இல்லம்மா, தெய்வம். என்ன வேணும், கேளு."

"பலகை சார்."

நன்றி மறக்கிற அலுவலகமா அது? மறுநாளே கமிட்டி கூடியது. காண்ட்ராக்ட் ஆளுக்குப் பலகை தர விதி இடம் கொடுக்கவில்லை என்று முதலில் வருத்தம் தெரிவித்தது. பிறகு, அதிகாரியின் உயிரைக் காத்த அந்த மரக்கம்பு மாப்பை மாலை போட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள், கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தது. பலத்த கைதட்டலுக்கிடையே, அக்காவுக்குப் பரிசாக உயர்ந்த ரகப் புது மாப்பு ஒன்று வழங்கப்பட்டது. அதிகாரியே தேடிப் பிடித்து வாங்கியது. உச்சி முதல் அடி வரை ஸ்டீல் கம்பு.

"சார், இது இரும்பாச்சே?" என்றாள் அக்கா.

"துருவே பிடிக்காதும்மா" என்றார் அதிகாரி, கண் கலங்க. "நாளைக்குக் காலையில மெஷினைச் சுத்தி இதால நல்லாத் துடைச்சிடு."

அந்த அலுவலகத்தை யாரும் குறைசொல்லிவிட முடியாது. அங்கே அலட்சியத்தால் ஒரு உயிர்கூடப் போகாது. போனால், இவ்வளவு அக்கறை எடுத்துக் கொன்றதாகத்தான் இருக்கும்.