மாமனார் பார்த்த பம்ப்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தென்றல் ஆபீஸில் இருக்க வேண்டும். வியாழன் மாலை ஆகியும் எந்தப் பம்ப் என்று முடிவாகவில்லை.

"எக்ஸல் ஷீட்ல பதினாலு மாடல், இருபத்திரண்டு கட்டம்," என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான் அவள் கணவன் முகிலன். "சத்தம், எடை, பேட்டரி, கழுவுற நேரம், எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்கேன்."

தென்றலைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இவ்வளவு விசாரித்ததில்லை.

தென்றலின் ஆசை பெரிய ஆசையல்ல. வேலைக்கும் போக வேண்டும், நாலு மாதக் குழந்தை மகிழினிக்குத் தாய்ப்பாலும் நிற்கக் கூடாது. அதற்காகக் கை வலிக்க வலிக்கப் பாலைப் பிழிந்து, ஃப்ரீசரில் பதினொரு பாக்கெட் சேர்த்து வைத்திருந்தாள். ஆபீஸுக்குப் போனால் கையால் பிழிந்துகொண்டிருக்க முடியுமா? பால் எடுக்கும் பம்ப் ஒன்று வேண்டும்.

"பேசாம இன்சூரன்ஸ்ல ஃப்ரீயாத் தர்றதையே வாங்கிடலாமே?" என்றாள்.

"அது மட்டும் வேண்டாங் கண்ணு!"

பால்கனியிலிருந்து பாய்ந்து வந்தார் மாமனார் கிட்டுசாமி. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பேத்தி பிறப்பதற்காக மனைவி சாரதாவோடு அமெரிக்காவில் மகன் இருக்கும் பிஸ்கட்டவே ஊருக்கு வந்திருந்தார். பம்ப் என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவார்.

ஆனால் இந்தப் பம்பைப் பற்றி மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்குக் கூச்சம். அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஓசியில வர்ற மோட்டார் எத்தன நாளைக்குங் ஓடும்? நல்லதா ஒண்ணு பாருங்க. நான் காசு போட்டு வாங்கித் தர்றனுங்."

சாரதா கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தானாக அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது ஒரே ஒரு குக்கர். அதுவும் கம்பெனி ஆண்டு விழாக் குலுக்கலில் விழுந்தது.

தென்றலுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பா போனில், "வேலைய விட்டுட்டு நிம்மதியா இரேம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாமனார் என்றால் இவரல்லவா மாமனார்!

முகிலனின் பட்டியலில் முதல் மார்க் வாங்கியது, உடைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஒயர் இல்லாத பம்ப். மேல் வீட்டு யாமினியிடம் அது இருந்தது. பால் படும் பாகங்களையெல்லாம் புதிதாக மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"டிரை பண்ணிப் பாரு. மீட்டிங்லயே பம்ப் பண்ணலாம், ஒருத்தருக்கும் தெரியாது. குனிய மட்டும் கூடாது."

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் பத்மநாபன் ஒரு வீடியோ கால் வைத்திருந்தார். திங்கட்கிழமை வருவதற்கு முன் புது ப்ராஜெக்டைக் கேட்டு வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். தென்றல் பம்பைப் பொருத்திக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள்.

"என்ன சத்தம் அது, விர்ருன்னு?" என்றார் பத்மநாபன்.

"எங்க மாமனாருங்க. பம்ப் ரிப்பேர் பண்றாரு."

"இந்த வயசுலயா? கிரேட்!"

சமாளித்துவிட்ட பெருமையில் அவள் கை பட்டுப் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். நாலு அவுன்ஸ் பால் கீபோர்டில் கொட்டியது. ஆபீஸ் லேப்டாப் தாய்ப்பாலைக் குடித்துவிட்டு நிரந்தரமாகத் தூங்கிப்போனது.

"உள்ளயே முழுகிக் கெடக்கற சப்மெர்சிபிள்னாலே இந்தத் தொந்தரவுதானுங்," என்றார் கிட்டுசாமி கடிகாரத்திடம். "வெளிய நின்னு இழுக்கற மோட்டார்தான் நம்பிக்கை."

முகிலன் மதியத்துக்குள் ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கும் ரகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். டேபிள் டாப் கிரைண்டர் அளவு இருந்தது. அந்த அளவை இருபத்திரண்டு கட்டத்தில் எதிலும் அவன் எழுதவில்லை.

"இதத் தூக்கிட்டு எப்படிப்பா டிரெயின்ல போறது?" என்றாள் தென்றல்.

"மொதல்ல ஓட்டிப் பாக்கலாங் கண்ணு. கனெக்‌ஷன் நான் குடுக்கறன். மோட்டாருக்குத் தனி லைன் வேணுமுங். இல்லீன்னா வோல்டேஜ் பத்தாம சுருதி இறங்கிரும்."

சமையலறையில் திரை கட்டப்பட்டது. திரைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கிட்டுசாமி கையை உயர்த்தினார். முகிலன் சுவிட்சைப் போட்டான்.

"அய்யோ அம்மா!" என்ற தென்றலின் அலறலில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் சேர்ந்து அலறியது.

"ஏனுங்க, உசுரையே உறிஞ்சுதுங்க!" என்று சாரதா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

"இழுவை நல்லா இருக்குது," என்றார் கிட்டுசாமி.

அந்த ராட்சசனை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த சாரதா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே விளக்கு எரியவில்லை. ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தனி லைன் வேண்டுமென்று கிட்டுசாமி பிடுங்கியது ஃப்ரிட்ஜின் பிளக். அதைத் திரும்ப மாட்ட யாருக்கும் நினைவில்லை.

பதினொரு பாக்கெட்டும் உருகி, வெதுவெதுவென்று கிடந்தன. தென்றல் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வாரத்துப் பால். நாளை மறுநாள் குழந்தையை எதை நம்பி விட்டுவிட்டுப் போவது? அப்பா சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள்.

கிட்டுசாமி முதல்முறையாகக் கடிகாரத்தை விட்டுவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"தப்பு என்னுதுதானுங் கண்ணு. அப்பறம் இன்னொண்ணும் சொல்லோணும்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" என்று சாரதா சீறினாள். "சொன்னதெல்லாம் போதும். அக்கட்டால போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார்.

தென்றல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "முகில், உன் கட்டமும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். இன்சூரன்ஸ் பம்ப். அது எப்படி இருந்தாலும் சரி. இப்பவே போறோம்."

"அந்த ஓசிப் பம்பு வேண்டாங் கண்ணு, நான்தான் காசு..."

"மாமா!"

அந்த ஒரு சொல்லில் கிட்டுசாமி செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்.

இன்சூரன்ஸ்காரர்கள் கைகாட்டியிருந்த மெடிக்கல் சப்ளைஸ் கடை பத்து நிமிட தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"எனக்கு முட்டி வலிக்குதுங். நான் வண்டியிலயே இருந்துக்கறன்," என்றார் கிட்டுசாமி. சொல்லிவிட்டு, சீட்டில் எவ்வளவு கீழே சரிய முடியுமோ அவ்வளவு சரிந்து உட்கார்ந்தார். பாவம், பெரியவருக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, அவரை அப்படி அதட்டியிருக்கக் கூடாது என்று தென்றலுக்கு உறுத்தியது.

கவுன்டரில் ஷ்யாமளா என்று பெயர் குத்திய தமிழ்ப் பெண் இருந்தாள். தென்றலுக்குப் பாதி உயிர் வந்தது.

"திங்கக்கிழமை வேலைல சேரணும்மா. இன்சூரன்ஸ்ல எந்தப் பம்ப் தருவீங்களோ அதக் குடுங்க, போதும்."

"குடுத்துடலாம் அக்கா. ஒரு பிரசவத்துக்கு ஒண்ணு ஃப்ரீ. கார்டு குடுங்க."

ஷ்யாமளா நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். தென்றலைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"என்னம்மா, கவரேஜ் இல்லையா?" என்றான் முகிலன்.

"அதெல்லாம் இருக்குண்ணா. ஆனா உங்க டாக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்து, குழந்தை பொறந்த அன்னைக்கே உங்க வீட்டுல டெலிவரி பண்ணிட்டோமே! கையெழுத்துப் போட்டு வாங்கின கிட்டுசாமி அங்கிள்தானே, 'சும்மா கழட்டிப் பாத்தனுங், திரும்ப மாட்டத் தெரியல, மருமகளுக்குத் தெரியறதுக்குள்ள யாரையாச்சும் அனுப்பு கண்ணு'ன்னு நாலு மாசமா வாராவாரம் எனக்கு போன் பண்ணிட்டிருக்காரு?"