துண்டு போர்த்திய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மேல் முதலாளியின் துண்டு போர்த்தியிருந்தது. சொர்ணலதா அதை எடுத்ததும் திரையில் ஒரே ஒரு வரி நின்றது: சேமிப்பு வட்டில் இடமில்லை.

இந்தப் போடி ஏலக்காய்க் கடையில் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி ஞானதுரை சொல்லியிருந்தார். இன்றோடு மாதம் முடிகிறது. கம்ப்யூட்டரைப் பார்க்க தேனி வியாபாரி செல்வமணி வேறு வருகிறார்.

"முதலாளி விடியக்காலமே வந்துட்டுப் போனாக, ஆத்தா," என்றாள் கடை கூட்டும் அக்கம்மாள். "இன்னைக்கு மூட்டைக் கணக்க அவுகளே கம்ப்யூட்டர் பெட்டியில ஏத்திட்டாகளாம். ஒங்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னாக."

சொர்ணலதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கற்றுக்கொடுத்தது அவள்தானே.

விசைப்பலகையில் ஒரு எழுத்துக் கட்டை பிசுபிசுத்து அமுங்கியே கிடந்தது. துடைத்து எழுப்பிவிட்டாள்.

கணக்குக் கோப்புதான் வட்டையே அடைத்திருந்தது. திறந்து பார்க்கவும் இடமில்லை. 'டிரங்கேட்' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டு, கோப்பின் பெயரையும் நீளத்தையும் சொன்னால் போதும். அந்த நீளத்துக்குக் கீழே உள்ள மிச்சத்தை அது நறுக்கிவிடும். இந்தப் பள்ளத்தாக்கில் இதை அறிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் முதுகு தானாக நிமிரும்.

நேற்று மாலை இருந்த நீளத்தையே கொடுத்தாள். கடையின் காகிதக் கட்டுகளில் புதுத் தாள் மேலே, பழையது அடியில்; கோப்பிலும் அப்படித்தானே. அடி போனால் போகட்டும். போன வருஷத்துக் கணக்குத்தானே.

இடம் கிடைத்தது. கோப்பைத் திறந்தாள். போன வருஷம் பத்திரமாக இருந்தது. நேற்றும் இருந்தது. இன்றைக்குத்தான் இல்லை. கம்ப்யூட்டரில் புதுசு அடியில் அல்லவா சேருகிறது!

"அக்கா, முதலாளி ஏத்தினத அழிச்சுட்டேன்!"

"கூட்டித் தள்ளினது போனாப் போகுது, விடு ஆத்தா."

விட முடியுமா? அதே அழைப்பு கோப்பை நீட்டவும் செய்யும் என்று கையேட்டில் படித்திருந்தாள். காலையில் இருந்த நீளத்தைக் கொடுத்தாள். நீளம் வந்தது, எழுத்து வரவில்லை. நேற்றைக்குக் கீழே பக்கம் பக்கமாக வெறுமை.

வாசலில் கார் வந்து நின்றது.

"நீங்களே கணக்கு ஏத்துறதா ஊரெல்லாம் பேச்சு! எங்கன, காட்டுங்க பார்ப்போம்," என்றபடி ஞானதுரையோடு நுழைந்தார் செல்வமணி.

ஞானதுரை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காட்டு, தாயி."

திரையில் வெறுமை ஓடியது.

"ஒண்ணுமே இல்லையே!"

"நான்தான் ஐயா..." சொர்ணலதா எழுந்து நின்றாள். "நீளத்தக் குறைக்கப்போயி, காலையில நீங்க அடிச்சது போயிருச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"திரும்ப வராதா?"

"வராதுங்கய்யா."

ஞானதுரை நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

"பார்த்தீகளா அண்ணாச்சி? செஞ்ச தப்ப மறைக்காமச் சொல்லுது பிள்ளை. தேனி பூராத் தேடுனாலும் ஒங்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்குமா? தாயி, நாளையிலருந்து நீ நிரந்தரம்!"

செல்வமணிக்கு முகம் சுண்டிப்போனது. அவரை ஏலக்காய் மூட்டைகளைக் காட்ட அழைத்துப் போனார் ஞானதுரை.

சொர்ணலதாவுக்குக் கண் நிறைந்தது. "எவ்வளவு பெரிய மனசு, அக்கா! அம்புட்டுக் கணக்கையும் அழிச்சவளுக்கு..."

அக்கம்மாள் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"கணக்கா? அல்வா தின்ன கையோட தன் பேருல மொத எழுத்த அமுக்குனாக, ஆத்தா. அந்த எழுத்து திரை பூரா நிக்காம ஓடவும், துண்டைப் போர்த்திவிட்டுட்டு இவுகளும் ஓடிட்டாக!"