அலைமகள் பேசுகிறேன், ஓவர்

"இனிமே இந்த வூட்டுக்குள்ள ஒரு ஸ்க்ரூகூட வராது. சத்தியம்!"

சுயம்பு கையை உயர்த்திச் சொன்னபோது அவன் மனைவி செங்கொடி மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஸ்க்ரூ வராது. செட்டு?"

"செட்டும் வராது."

சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்குள் வராதுதான். சாத்தாங்காட்டில் நண்பன் பாரியின் லேத்துப் பட்டறை மொட்டைமாடிக்கு வரும். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காததை எதற்குச் சொல்வது?

சுயம்பு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். உயிர் மட்டும் பழைய சி.பி. ரேடியோவில். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் வாக்கிடாக்கிக்குப் பெரியப்பா போல ஒரு பெட்டி. லைசென்ஸ் வேண்டாம். மைக்கை அழுத்திப் பேசலாம். நாம் 'ஓவர்' என்று சொல்லும்வரை எதிராளி வாய் திறக்க முடியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடிக்காத மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், ஒரே ஒரு தடவை, அவனைக் கூப்பிட வேண்டும்.

"வானத்துல ஒரு கண்ணாடி கீதுடா பாரி. நம்ம குரலு அதுல பட்டு எகிறி, கடலத் தாண்டிப் போய் எறங்கும். அயனமண்டலம்னு பேரு" என்று சொல்லும்போதே அவனுக்கு மயிர்க்கூச்செறியும்.

உடைத்த கப்பலொன்றின் இரும்புக் குவியலில் கிடைத்தது பட்டறை மாடியில் அவன் வைத்திருந்த ரேடியோ செட்டு. அதற்கு ஐம்பது வயது. வெள்ளிபோல் மின்னும் முகப்பு. சுவிட்சைப் போட்டால் மீட்டருக்குள் பச்சை வெளிச்சம். கோயில் கருவறையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

"திருவொற்றியூர் டைகர் பேசறேன். யாராச்சும் கேக்கறீங்களா? ஓவர்."

மூன்று வாரம் வெறும் கரகரப்பு. நாலாவது வெள்ளி, மாலை நாலு மணி. கரகரப்பைப் பிளந்துகொண்டு ஒரு பெண்குரல்.

"வணக்கம் டைகர். அலைமகள் பேசுகிறேன். தங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஓவர்."

சுயம்பு எழுந்து நின்றான். செருப்பைக் கழற்றினான். 'தங்கள்'! அவனை இதுவரை யாரும் 'தங்கள்' என்றதில்லை.

"அம்மா... நீங்க எங்கேர்ந்து பேசறீங்க? ஓவர்."

"தொலைவிலிருந்து. ஓவர்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அலைமகள். சிலோனாக இருக்கும் என்றான் சுயம்பு. மறுநாள் சிங்கப்பூர் என்றான். பாரி மீட்டரைத் தட்டிப் பார்த்தான்.

"ஊசி செவுத்துல முட்டிகினு நிக்குது மாமு. பக்கத்துத் தெருவுல கீற மாதிரி கீது."

"உனக்கு இன்னா தெரியும்? கண்ணாடி அவ்ளோ சுத்தமா கீது."

ஒருநாள் அலைமகள் கேட்டாள்: "தங்கள் இல்லத்தரசிக்கு இதில் ஆர்வம் உண்டா? ஓவர்."

"அவளா? மீனத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்துகீறேன். நம்பிட்டா. ஓவர்."

"மிக்க மகிழ்ச்சி. ஓவர்."

அன்றைக்குத் தட்டில் மீன்குழம்பு. குழம்பு மட்டும்.

"மீனு எங்கமே?"

"அதுவும் ஓவர்டைம் போய்கீது" என்றாள் செங்கொடி.

அடுத்த வாரம் அலைமகள் வேறொன்று கேட்டாள். "மனைவியிடம் தங்களுக்குப் பிடித்தது ஏதேனும் உண்டா? ஓவர்."

சுயம்பு மைக்கைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னான். "புயல் வந்தப்போ வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணிங்க. எனக்கு ஜொரம். அவதான் என் செட்டுங்கள தலைமேல வெச்சிகினு, மாடிக்கு மூணு தபா ஏறுனா. திட்டிகினேதான் ஏறுனா. ஆனா ஒண்ணத்தக்கூட நனைய வுடல. ஓவர்."

வெறும் கரகரப்பு. நெடுநேரம். சிக்னல் போய்விட்டதென்று நினைத்தான்.

"...கேட்டேன். ஓவர்" என்றது குரல். ஜலதோஷம் பிடித்தாற்போல் இருந்தது.

மறுநாள் அலைமகள் அவனுக்கு வானத்துக் கண்ணாடியைப் பற்றியே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சூரியனின் கரும்புள்ளிகள், அலைகளின் நீளம். எல்லாம் செந்தமிழில். சுயம்பு வாய்பிளந்து கேட்டான். திடீரென்று அவள் குரலுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. தொடர்ந்து இன்னொரு பெண்ணின் கத்தல்.

"செங்கொடிக்கா! தண்ணி லாரி வந்துட்ச்சு!"

"தோ வரேன் சாரா! என் கொடத்த வரிசையில வையி!" என்றாள் அலைமகள். "...ஓவர்."

பாரி சுயம்புவைப் பார்த்தான். சுயம்பு வானத்தைப் பார்த்தான்.

காலாடிப்பேட்டை வீட்டுக்கு அவன் எப்படி வந்து சேர்ந்தானென்று அவனுக்கே தெரியாது. அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவே ஒரு செட்டு. ஆறு மாதம் நோண்டி, இனி பிழைக்காது என்று அவனே பரண்மேல் போட்டது.

"இன்னா டைகரு, ஓவர்டைம் முட்ஞ்சிச்சா?"

"மே... இது செத்துப்போன செட்டாச்சே!"

"ஃபியூசு போயிருந்துச்சு. மாத்துனேன்."

"ஏரியலு?"

"துணி காயப்போடற கொடிக்கம்பி."

"அந்தத் தமிழு?"

"இருபது வருசமா ரேடியோல நியூஸ் கேட்டுகினேதான மீனு ஆயறேன்."

சுயம்பு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கோபம் வரவில்லை. எவரெஸ்ட் மலையடிவாரத்தில் நிற்பவனுக்குக் கோபமா வரும்?

செங்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளத்துல நான் தூக்கிகினு ஏறுனத சொன்னியே. அத்த இந்த வூட்ல ஒருநாளாச்சும் சொல்லிகீறியா?"

"வூட்ல நீ எங்கமே ஓவர் சொல்ற?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, "போய் அந்த செட்டு, கம்பி எல்லாத்தையும் வூட்டுக்கே எத்துகினு வா. பாரி பாவம்" என்றாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான் சுயம்பு. மறுநாளே குட்டியானை வண்டி வைத்து எல்லாவற்றையும் கொண்டுவந்தான். ஒரு வாரம் கம்பி கட்டினான்.

ஞாயிறு காலை. சொந்த மொட்டைமாடி. எண்ணூர்ப் பக்கம் புகை இல்லாத வானம். கரகரப்பு சட்டென்று மாறியது. எங்கோ கிணற்றின் அடியிலிருந்து எழுவதுபோல், ஏறியும் இறங்கியும் ஓர் ஆண்குரல்.

"...அந்தமான்... போர்ட் பிளேர்லேர்ந்து பேசறேன்... ஓவர்..."

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்! கடல் தாண்டி! கண்ணாடியில் பட்டு! மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர்.

"திருவொற்றியூர் டைகர்! திருவொற்றியூர் டைகர்! நல்லா கேக்குதுங்க! சொல்லுங்க! ஓவர்!"

"திருவொற்றியூரா? அப்பாடா! கொஞ்சம் அலைமகள் மேடத்தைக் கூப்பிடுங்க சார், சங்கரா மீன் குழம்புக்குப் புளி எப்ப ஊத்தணும்னு அவங்க சொல்றதுக்குள்ள நேத்து சிக்னல் போயிடுச்சு. ஓவர்."