செருப்பில்லாத கிரகத்துக்கு மாப்பிள்ளை போட்ட ஷூ

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டியன் அவர்களுக்கு,

மாமனார் பெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சம்பூர்ணமும் சுகம். சென்னையில் நீங்கள் சுகமாக இருப்பதைச் சுவரொட்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். மகள் சோபனாவும் சுகமாகவே இருப்பாள் என்று நம்புகிறேன். போனில் கேட்கலாம் என்றால் உங்கள் போனை எப்போதும் மேனேஜர் தபரேஸ்தான் எடுக்கிறார். "சார் எடிட்டிங்ல இருக்காருங்க" என்கிறார். ஆகவே கடிதம். இதையாவது வெட்டாமல் முழுவதும் படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

என் நாவலை உங்களுக்கு நான்தான் கொடுத்தேன், இல்லையென்று சொல்லவில்லை. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகள் பைக் கேட்பார்கள், மோதிரம் கேட்பார்கள். நீங்கள் எண்ணெய் வைத்துக்கொள்ள மனையில் உட்கார்ந்தபடி, "எனக்கு பைக்லாம் வேணாம் மாமா. உங்க கதைய குடுங்க, படமா எடுக்கிறேன்" என்றீர்கள். உங்கள் அத்தை சந்தோஷத்தில் என் முதுகைக் கிள்ளினாள், பைக் மிச்சமென்று. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொன்ன மாமனார் எங்கள் வம்சத்தில் கிடையாது. அச்சான ஆறு பாகங்களையும் தாம்பாளத்தில் அடுக்கி, வெற்றிலை பாக்கு வைத்து, மேலே ஆற்காட்டு மக்கன் பேடா டப்பாவையும் வைத்து நீட்டினேன். பேடா அன்றைக்கே தீர்ந்துவிட்டது. புத்தகங்களை நீங்கள் இன்றுவரை பிரிக்கவில்லை என்று சோபனாவே சொன்னாள். சீராகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஒரு பைக்கைக் கடனில் வாங்கிக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் படிக்காததால் கதையை நானே சொல்லிவிடுகிறேன். என் கிரகத்தில் மிருகங்களே இல்லை. அதனால் தோல் இல்லை, தோல் இல்லாததால் செருப்பும் இல்லை. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. ஒருவர் நினைப்பது உள்ளங்கால் வழியாக மண்ணில் இறங்கி, அடுத்தவர் உள்ளங்காலில் ஏறும். வெறுங்காலோடு நின்றால் ஊரே கேட்கும். அங்கே மரண தண்டனை கிடையாது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. குற்றவாளியின் இரண்டு கால்களையும் உலோகத்தால் மூடிவிடுவார்கள். பிறகு அந்த ஆள் ஊமை, செவிடு இரண்டும்தான். இதை வைத்து மூன்று தலைமுறைக் கதையை எழுதியிருக்கிறேன். எழுதியவன் யார்? தோல் பதனிடும் டேனரியில் பச்சைத்தோல் இறக்கி, சுண்ணாம்புத் தொட்டிக்குக் காவல் நின்றவன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். தோலே இல்லாத ஓர் உலகத்தை எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது. என் வாழ்க்கையில் நானாகச் செய்துகொண்டது அது ஒன்றுதான், மாப்பிள்ளை.

அந்த உலகத்தை ஆலங்காயம் மலையடியில் படம் பிடிக்கப் போனீர்கள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனீர்கள், அந்த மரியாதையை மறக்கவில்லை. முதல் நாள் முதல் காட்சியிலேயே கதாநாயகன் காலில் நெருஞ்சி முள் குத்தியது. அவர் கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படத்தை இயக்க வந்த தம்பி வானத்தைப் பார்த்தார். நீங்கள் தபரேஸின் காதில் என்னவோ சொன்னீர்கள். மத்தியானம் பிரியாணி வண்டிக்குப் பின்னாலேயே உங்கள் ஷூ கம்பெனி லாரியும் வந்து நின்றது. உங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தையல் சரியில்லை என்று திருப்பியனுப்பிய ஷூக்களெல்லாம் அதில் இருந்தன. அடுத்த காட்சிக்கு என் கிரகத்து ஜனங்கள் மொத்தப் பேரும் பளபளவென்று ஷூ மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மலை கிராமத்திலிருந்து கூலிக்கு வந்த பெண்கள் அளவு சரியில்லாமல் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த உலகத்தில் காலை மூடுவது தண்டனை என்று சொன்னேன். நீங்கள் பொறுமையாகத்தான் கேட்டீர்கள். "இன்னா மாமா பேசுறீங்க? நான் ஷூ கம்பெனி ஓனரு. என் படத்துல எல்லாரும் வெறுங்கால்ல நடந்தா பையரு சிரிப்பான். ஹீரோ வெறுங்கால்ல வந்தா பஞ்சத்துல அடிபட்ட மாதிரி இருக்கும்" என்றீர்கள். அப்படியானால் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டேன். "வாயாலதான் மாமா. டயலாக் எழுதியாச்சு" என்றீர்கள். சம்பந்தி வீட்டார் நான்கு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் மாமனார் எந்த அளவுக்குக் குரலை உயர்த்தலாமோ அந்த அளவுக்கும் கீழேயே நிறுத்திக்கொண்டு பிரியாணி சாப்பிட்டேன்.

பிறகு அந்தப் படத்திலும் அடுத்த படத்திலுமாக ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இரண்டாம் பாகத்தை முழுவதும் ஒரு பாட்டில் முடித்துவிட்டீர்கள். மூன்றாம் பாகத்தின் மூன்று தலைமுறைத் தாத்தாக்களையும் ஒரே நடிகருக்குத் தாடி மாற்றிச் சமாளித்தீர்கள். இரண்டு சூரியனுக்கு கிராபிக்ஸ் செலவு ஜாஸ்தி என்று ஒன்றை அணைத்துவிட்டீர்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நாலாம் பாகத்து ஈரியை நீங்கள் விட்டுவைத்திருக்கலாம். ஈரி என்பவள் உண்மையைச் சொன்னதற்காகக் கால் மூடப்பட்ட பெண். கூட்டத்துக்கு நடுவில் நின்று, யாருக்கும் கேட்காமலேயே செத்துப்போகிறாள். அந்த அத்தியாயத்தை எழுதிய வாரத்தில் நான் உங்கள் அத்தையோடுகூடப் பேசவில்லை. உங்கள் இரண்டாவது படத்தில், இடைவேளைக்கு முன்னால், கதாநாயகன் மண்டியிட்டு அவள் காலில் சிவப்பு ஷூவை மாட்டிவிடுகிறான். அவள் சிரிக்கிறாள். பாட்டு வருகிறது. உங்கள் கம்பெனி முத்திரை திரை முழுக்கத் தெரிகிறது.

ஆம்பூர் தியேட்டரில் அந்த முத்திரைக்கு விசில் பறந்தது. பக்கத்து சீட்டில் என்னோடு டேனரியில் வேலை பார்த்த சத்தார் இருந்தார். ஆறு பாகத்தையும் படித்த மிகச் சிலரில் அவர் ஒருவர். அவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "அவ செத்துட்டா இல்ல பெருமாளு? இன்னாத்துக்கு ஆடுறா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வரும்போது உங்கள் அத்தை எல்லாரிடமும் "எங்க வூட்டுக்காரரு கதைதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் வாயை அடைக்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது மூன்றாவது படத்துக்காக, இன்னும் அச்சேறாத ஏழாம் பாகத்தைக் கொடுத்தனுப்பச் சொல்லி தபரேஸ் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். தராவிட்டால் முடிவை இயக்குநர் தம்பியே யோசித்துக்கொள்வார் என்றும் தகவல். யோசித்துக்கொள்ளட்டும். ஏழாம் பாகத்தில் ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து தண்டனைக்கான அந்த உலோகக் கால்மூடிகளைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். அப்போது ஈரி சொல்லாமல் போனதெல்லாம் மண்ணிலிருந்து ஒவ்வொருவர் காலுக்கும் வந்து சேர்கிறது. அதை உங்களிடம் கொடுத்தால் அந்தக் குழியிலிருந்து புது மாடல் ஷூ முளைக்கும். தலை தீபாவளியில் நான் தாம்பாளத்தில் வைத்தது ஆறு பாகம்தான். ஏழாவது சீரில் சேராது. அதை நான் தரப்போவதில்லை. சோபனா அழுதாலும் சரி, உங்கள் அத்தை பட்டினி கிடந்தாலும் சரி, சம்பந்தியே வீடு தேடி வந்தாலும் சரி. இனி உங்கள் படப்பிடிப்பு நடக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.

மற்றபடி உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீங்களும் சோபனாவும் நோய்நொடி இல்லாமல், கம்பெனியில் ஆர்டர் குறையாமல், திருப்பியனுப்பும் பையர்கள் கண்ணிலேயே படாமல், நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்
பெருமாள்

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் தபரேஸ் காரில் வந்து இறங்கினார். மூன்றாவது படத்தில் கிழ நியாயாதிபதியாக நடிக்க இருந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராமே. "உங்க முகந்தான் கரெக்டா இருக்கும்னு சார் சொல்றாருங்க. கடைசி சீன் வரைக்கும் நீங்க வர்றீங்க" என்றார். முகம் எல்லா ஊர்த் தியேட்டரிலும் தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றார். உங்கள் அத்தை அதற்குள் என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். ஏழாம் பாகத்தை தபரேஸிடமே கொடுத்திருக்கிறேன், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளவும். எனக்கு வசனம் எதுவும் இல்லையாம், பரவாயில்லை. கால் அளவு எட்டு. இடது பக்கம் கொஞ்சம் தளர்வாக இருந்தால் நல்லது.