நாலு பேர் சஹனும் நீல மருந்தும்

பினாங்கு, கடைத்தெரு
12-9-1935

கண்ணியமிகு மச்சான் யூசுப் மரைக்காயர் அவர்களுக்கு, அப்துல் காதர் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு ஹபீபா பீவியும் பிள்ளைகளும் சுகம். என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் கை கூசுகிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது, இனி வாயைக் கட்டுவேன் என்று கூடப்பிறந்த லாத்தாவின் கையைப் பிடித்துச் சொன்னேன். எங்கள் வாப்பாவின் காலை வாங்கிய அதே நீரிழிவு அல்லவா. எட்டு மாதம் சொல் தவறவில்லை. டாக்டர் சொன்னபடி வேளைக்கு ஒரு தேநீர்க் கோப்பை சோறுதான். அடுத்த பத்தியை மட்டும் லாத்தாவுக்கு வாசிக்காமல் தாண்டிவிடுங்கள், மச்சான்.

டத்தோ கிராமாட்டில் இப்ராஹிம் வீட்டுக் கல்யாணம். நெய்ச்சோறு. நம் வழக்கப்படி ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர். நாலில் ஒரு பங்கு என்றால் கோப்பை அளவுக்குக் கொஞ்சம்தான் கூடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். கூட உட்கார்ந்தவர்களில் ஒருவருக்குப் பல்வலி, ஒருவர் எண்பது வயதுப் பெரியவர், மூன்றாமவர் மாப்பிள்ளையின் தம்பி, வெட்கத்தில் விரலால் சோற்றைக் கிண்டிக்கொண்டே இருந்தார். சஹனில் மீதி வைத்தால் பரக்கத் போய்விடுமே என்று மூவர் பங்கையும் நானே காலி செய்தேன். பிறகு வட்டலப்பம் வந்தது. "காக்கா, ஒங்களுக்குச் சீனி ஆகாதுல்ல?" என்றார் பல்வலிக்காரர். "கல்யாண வீட்ல வேணாம்னு சொல்லக்கூடாதுலா" என்றேன். அன்று திறந்த வாய் ஒன்றரை மாதம் மூடவில்லை. செருப்பு கடித்த கால்விரல் புண்ணும் ஆறவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரம் தாரேன். அதுக்குள்ள சர்க்கரை எறங்கலன்னா வெரல எடுக்கணும்" என்றார்.

இனி லாத்தா கேட்கலாம். டாக்டர் தந்த நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் நிறைய இருக்கிறது. வீட்டில் மனைவி முகத்துக்கு முன் இதைச் செய்ய வெட்கமாக இருந்ததால் கடையில் சேலைக் கட்டுகளின் மறைவில் செய்கிறேன். துணிக்கடையில் நெருப்பு ஆகாது என்று பலகை மாட்டியவனே நான்தான், ஆகவே சுடுதண்ணீர் டம்ளரில் மருந்துக் கண்ணாடிக் குழாயை நிறுத்திவைக்கிறேன். பத்து நாளாகத் தினமும் நீலம். அந்த தைரியத்தில் நேற்று இனிப்பில் ஒரு துண்டு தொதல் மட்டும் தின்றேன். தம்பி சொன்ன சொல்லுக்குத் திரும்பிவிட்டான் என்று லாத்தாவிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு ஸலாமும் பிள்ளைகளுக்கு என் துஆவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
அப்துல் காதர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஹபீபா பீவி கடைக்கு வந்து டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "இது பச்சப் புள்ளய குளிப்பாட்டுற சூடு. கொதிக்க வைக்கத்தானே டாக்டர் சொன்னாரு?" என்றாள். வீட்டுக்கு அழைத்துப்போய் அடுப்பில் அவளே கொதிக்கவைத்தாள். செங்கல் நிறம். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. டாக்டர் தந்த கெடுவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்று மதியம் கோப்பையை அவளே எடுத்து அளந்து போட்டாள். மச்சான், நான் தாண்டச் சொன்ன பத்தியையும் லாத்தாவுக்கு வாசித்துவிடுங்கள். வாப்பாவும் எங்களுக்குத் தெரியாமல்தான் தின்றார்.